மாசி பத்துக்கு வந்துடுங்க

புதுச்சேரிப் பக்கத்து உறுவையாறு கிராமத்துத் தனக்கொடி தன் ஆயுசில் ஊர் சுற்றிப் பார்த்தது மொத்தமே ஏழு நாள்தான். அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஆனால் அந்த ஏழு நாளை அவள் விட்டதே இல்லை. களை பறிக்கும்போது செல்லிப்பட்டு ஆறு நினைவுக்கு வரும். புளி கரைக்கும்போது பாகூர் ஏரி வரும். தன்பாட்டுக்குச் சிரித்துக்கொள்வாள். "ஐயே, தனியா சிரிக்கிறா பாரு" என்று ஓரகத்தி வள்ளியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், கார்த்திகைக் கடைசி. புருஷன் கண்ணையன் சைகோனிலிருந்து ஆறு மாத லீவில் வந்திருந்தார். அங்கே பிரெஞ்சு சர்க்காரின் கிடங்கு ஒன்றுக்குக் காவல் வேலை. ஊரில் அவருக்கு 'சொல்தா கண்ணையன்' என்று பேர்; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். துப்பாக்கியைச் சுட்டிருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. சட்டையில் பித்தளைப் பொத்தான் இருந்தது, அது போதாதா? கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்த நாளைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. மனுஷர் வருவார், வாசனை சோப்பு கொடுப்பார், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சைகோன் கதை சொல்வார், கப்பலேறிவிடுவார். மகள் அமுதத்துக்கு நாலு வயசு. அப்பாவை 'அந்த மாமா' என்றுதான் முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த கப்பல் மார்கழி இருபது. அதில் ஏறினால் இன்னும் அஞ்சு வருஷம்.

போகாதீர்கள் என்று வாய் விட்டுக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். போன தடவை கேட்டாள். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "பான்சியோன்." சர்வீசு முடிந்தால் சாகும் வரைக்கும் மாசாமாசம் சர்க்கார் சம்பளம். அந்த வார்த்தைக்கு எதிரே நிற்கிற வார்த்தை தனக்கொடியிடம் இல்லை. ஆகையால் இந்தத் தடவை கேட்கவில்லை. உள்ளே மட்டும் வெந்துகொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் சொன்னார்: "தனம், ஒரு வாரம் வக்கான்ஸ் போயிட்டு வரலாமா?"

"அது எந்த ஊரு மாமா?"

"ஊரு இல்லடி. சைகோன்ல தொரைங்க வருஷத்துக்கு ஒருக்கா பொண்டாட்டியக் கூட்டிக்கினு மலை, ஏரின்னு போவாங்க. சும்மா பாத்துட்டு வருவாங்க. அதுக்குப் பேரு வக்கான்ஸ்."

வள்ளியம்மாள் இதைக் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "கோயிலுக்கா? இல்ல. கல்யாணமா? இல்ல. எழவா? அதுவும் இல்ல. அப்ப இன்னாத்துக்குப் போறீங்க?" கண்ணையன் வண்டிக்கு மசகு போடப் போய்விட்டார்.

தனக்கொடிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஏழு நாள் இந்த மனுஷன் தன்னோடு தனியாக இருக்கப்போகிறார். எந்தெந்த ஊர் என்று கேட்டபோது அவளே சொன்னாள். அவர் சின்ன வயதில் நீச்சலடித்த செல்லிப்பட்டு ஆறு. தன் அம்மாவின் ஊரான பாகூர் ஏரி. தான் பிறந்த கிருமாம்பாக்கத்தில் கரும்பாலை. இந்த மண்ணும் தண்ணீரும் சேர்ந்து பேசினாலாவது ஆள் நிற்பாரா என்று பார்க்கத்தான். "கடைசியா பனித்திட்டு போவலாம், நம்ம சைகோன் கூட்டாளி நடேசன் வூட்டுக்கு" என்றார் அவர். அங்கே கடல் இருக்கிறது என்று தெரிந்தே அவள் சரி என்றாள். குழந்தையை வள்ளியம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்து எல்லை எலி கடித்த வேட்டி மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் பிரெஞ்சு, கொஞ்ச தூரம் இங்கிலீஷ். செல்லிப்பட்டுக்குப் போகிற வழியில் இங்கிலீஷ்காரனின் சுங்கச்சாவடி ஒன்று குறுக்கே வந்தது. முண்டாசு கட்டிய சேவகன் மரத்தடியில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"எங்க போறீங்க?"

"செல்லிப்பட்டு."

"இன்னா விசேஷம்?"

"சும்மாதான்" என்றார் கண்ணையன்.

சேவகன் எழுந்து நின்றுவிட்டான். அவன் சர்வீசில் எத்தனையோ பொய் கேட்டிருப்பான். இவ்வளவு மோசமான பொய்யை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. வண்டியில் இருந்ததெல்லாம் கீழே இறங்கியது. வைக்கோலை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தான். புளிச்சோற்றுப் பானையைத் திறந்து மோந்து பார்த்தான். புடவை மூட்டையை அவிழ்த்தான். பின்னால் பால் குடத்தோடு வந்த செல்லிப்பட்டுப் பால்காரர் பக்கிரி நின்று வேடிக்கை பார்த்தார். சேவகன் பாயை உதறப்போனபோது தனக்கொடிக்குப் பொறுக்கவில்லை.

"எங்க பொண்ணுக்குக் காது குத்தறோம்யா. சொந்தக்காரங்களை அழைக்கப் போறோம்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றான் சேவகன். அவனே மூட்டையைத் தூக்கி வைத்து, கயிறும் கட்டிக்கொடுத்தான்.

பாதித் தூரம் வரைக்கும் கண்ணையன் சிரித்துக்கொண்டே வந்தார். "நெசத்தைச் சொன்னா கம்பியால குத்தறான். பொய்யச் சொன்னா கயிறு கட்டி அனுப்பறான். நல்ல ஊருடி இது!"

சொன்னதில் பாதி பொய் இல்லை. அமுதத்துக்குக் காது குத்தத்தான் வேண்டும். ஆனால் இப்போது நாலு வயசு, இரட்டைப்படையில் குத்தமாட்டார்கள். மாசியில் அஞ்சு பிறக்கும். அப்போது அவளுடைய அப்பா சைகோனில் இருப்பார்.

செல்லிப்பட்டில் கண்ணையனின் அக்கா விருத்தாம்பாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கிரி குறுக்குப் பாதையில் வந்து எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

"கூடப் பொறந்தவ நானு. பால்காரன் சொல்லி எனக்குத் தெரியணுமா? எப்போ காது குத்து?"

தனக்கொடியின் வாயில் வந்த தேதி விழுந்தது. "மாசி பத்து அண்ணி."

"தம்பி இருப்பான் இல்ல?"

கண்ணையன் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிற்றில் இருந்த அவர் கை நின்றது. தனக்கொடி அதைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் சொல்லவில்லை.

"அவரு இல்லாம எப்படி அண்ணி? இருப்பாரு."

அதோடு விட்டாளா விருத்தாம்பாள்? "வெறுங்கையோடவா கூப்புடுவீங்க? வெத்தல பாக்கு எங்க?" என்று கேட்டாள். நம் பக்கத்தில் புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியாக ஒரு வீட்டுப் படி ஏறினால் அழைக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து நீட்ட வேண்டும். கடைசியில் விருத்தாம்பாள் வீட்டுத் தட்டிலேயே விருத்தாம்பாள் வீட்டு வெற்றிலையை வைத்து விருத்தாம்பாளுக்கே நீட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஆற்றுக்குப் போனார்கள். மழைக்குப் பிறகு சங்கராபரணி இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணையன் பித்தளைப் பொத்தான் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுக் குதித்தார். முப்பத்தஞ்சு வயசு ஆள் எருமைக்கன்று மாதிரி தண்ணீரில் புரண்டதை அவள் கரையில் உட்கார்ந்து பார்த்தாள். நீர் சொட்டச் சொட்ட வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து ஏன் அப்படிச் சொன்ன?"

"வாய் தவறிடுச்சு மாமா."

"போற எடத்துலயெல்லாம் வாய் தவறக் கூடாது. பாகூர்ல நெசத்தைச் சொல்லிடுவோம். நானே சொல்றேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆறு பேசியதில் அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் துக்கப்பட்டாள்.

பாகூரில் இருந்தது அவளுடைய தாய்மாமன் உலகநாதன். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வீடு, நெல் விளைகிற கழனி, நிறைய பிள்ளைகுட்டி. மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி போய் நின்றது. கண்ணையன் சொன்ன வாக்குப்படி நிஜத்தைச் சொன்னார்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல மாமா. சும்மா உங்களையெல்லாம் பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்."

உலகநாதன் முகம் இருண்டுபோனது. உள்ளே பார்த்துப் பிள்ளைகளைச் சத்தம் போடாதீங்க என்று அடக்கினார். கண்ணையனைத் தொழுவத்துப் பக்கம் அழைத்துப்போனார். "அண்ணன் தம்பிக்குள்ள பாகப் பிரிவினையா? ஒடம்புக்கு ஏதாவதா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுப்பா" என்று தோளைப் பிடித்தார். அதற்குள் அவர் மனைவி தனக்கொடியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். என்ன என்று கேட்காமலே அழுதாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகத்தான் ஜோடியாக வந்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நிஜத்தைச் சொன்னதற்கு அந்த வீட்டில் அடுப்பு அணைகிற நிலைமை.

கண்ணையன் தொழுவத்திலிருந்து வேகமாக வந்தார். "தனம், தட்டை எடு" என்றார். உலகநாதன் வீட்டுக் கூடத்தில் நின்று, தட்டின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அவளும் பிடித்து நீட்டினார்கள்.

"பொண்ணுக்குக் காது குத்து மாமா. மாசி பத்துக்கு வந்துடுங்க. குடும்பத்தோட வந்துடணும்."

"இத சொல்றதுக்கு இன்னாய்யா வெக்கம்!" என்று உலகநாதன் சிரித்த சிரிப்பில் கொட்டில் மாடு திரும்பிப் பார்த்தது.

நாலாம் நாள் முழுக்க ஏரிக்கரைதான். தனக்கொடியைக் கேட்டால் அந்த ஏழு நாளில் இதுதான் முதல் என்பாள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், கரை நெடுக பனை, நடுவில் நாரைக் கூட்டம். கண்ணையன் சைகோன் ஆற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, வலை வீசுகிறவனிடம் போய் விரால் மீன் வாங்கி வந்தார். மூன்று கல் வைத்து அவள் குழம்பு வைத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல். "சைகோன்லகூட இவ்ளோ உப்பு கெடையாது" என்று சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துச் சாப்பிட்டார். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் பேசாமல் புருஷனோடு உட்கார்ந்திருக்கலாம் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிருமாம்பாக்கத்தில் அவளுடைய தம்பி ராமு. அங்கே கேட்கவா வேண்டும்? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்! கடலூர் ரோட்டு பஸ்ஸில் வந்த யாரோ முன்னாடியே சொல்லி, ராமு தோட்டுக்குப் பத்தரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். "மாமா இருக்கும்போது குத்தறோம், அதான் எனக்குச் சந்தோசம்" என்று கண்ணையன் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணையன் "உம்" என்றார். ஆலையில் புதுக் கரும்பு போட்டிருந்தார்கள். கொப்பரையிலிருந்து சூட்டோடு பாகை எடுத்து ராமு வாழையிலையில் ஊற்றிக் கொடுத்தான். கண்ணையன் விரலைச் சுட்டுக்கொண்டார். தனக்கொடி தன் இலையை மடித்துக் கீழே வைத்தாள். பொய் சொல்லும்போது வராத பயம் இப்போது வந்தது. இத்தனை பேரை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, ஆள் கப்பலில் போய்விட்டால் அவள் யார் முகத்தில் விழிப்பாள்?

ஆறாம் நாள் பனித்திட்டு. நடேசன் கண்ணையனோடு சைகோனில் ஒரே கிடங்கில் காவல் இருப்பவர். அவரும் லீவில் வந்தவர்தான், அதே கப்பலில் ஏற வேண்டியவர். இவரிடம் எந்தப் பொய்யும் செல்லாது. வேண்டாம் என்று தனக்கொடி கண்ணால் கெஞ்சினாள். கண்ணையன் பார்க்காதவர் மாதிரி தட்டை எடுத்தார். வேறு வழியில்லாமல் அவளும் ஒரு பக்கம் பிடித்தாள்.

"மாசி பத்தா?" நடேசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மார்கழி இருவதுல கப்பலு. அப்ப நீயும் நானும் எங்க இருப்போம்?"

"நீ வராட்டி போ. உன் வூட்டுக்காரிய அனுப்பு" என்றார் கண்ணையன்.

மனைவி மானம் போகக் கூடாது என்று சமாளிக்கிறார் என்று தனக்கொடி நினைத்தாள். அந்தப் பெருந்தன்மைதான் அவளை அதிகமாகக் கொன்றது. வெயில் தாழக் கடற்கரையில் நின்றபோது அலை வந்து அவள் காலை இழுத்தது.

"மாமா, கப்பல் இந்தத் தண்ணியிலதான் போவுதா?"

"இதே தண்ணிதான்."

ஏழாம் நாள் வீடு திரும்பும் வரை இரண்டு பேரும் மாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

வீட்டில் கண்ணையனின் அண்ணன் செல்லப்பன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கிரியின் பால் எந்த ஊருக்குப் போகாது? "குடும்பத்துக்குப் பெரியவன் நானு. எனக்கே தெரியாம காது குத்தா? அதுவும் நீ ஊர்ல இல்லாத நாள்ல? போய் எல்லா வூட்லயும் இல்லன்னு சொல்லிட்டு வா!"

"அழைச்சிட்டு இல்லன்னு சொல்றது வூட்ல சாவு வுழுந்தாத்தான்" என்றாள் வள்ளியம்மாள். அவளுக்கு முறை என்றால் முறைதான்.

செல்லப்பன் இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டார். கண்ணையன் மறுநாள் பித்தளைப் பொத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தவர், "சர்வீசுல என் பேரை அடிச்சிட்டு வந்துட்டேன்" என்று அண்ணனிடம் சொன்னார். அவ்வளவுதான். அவளிடம் தண்ணீர் கேட்டார். தனக்கொடி வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுதாள். ஜெயித்தது அவள்தான், ஆனால் சந்தோஷம் வந்த வழியிலேயே பயமும் கூட வந்தது.

மாசி பத்தில் பத்து வண்டி வந்தது. கண்ணையன் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டார். அமுதம் ராமு மடியில் உட்கார்ந்து ஊரையே கூட்டி அழுதது.

அதற்குப் பிறகு அவர் உழவுதான் பார்த்தார். துப்பாக்கி பிடித்த கைக்கு ஏர் படிய இரண்டு வருஷம் ஆனது. பித்தளைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு வருஷம் கரும்பு செவ்வழுகல் நோயில் போனது. யாராவது சைகோனைப் பற்றிக் கேட்டால், "என் பான்சியோனை வெத்தலையில மடிச்சுத் தின்னுட்டா இவ" என்று தனக்கொடியைக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்த வார்த்தை மட்டும் நெருஞ்சி முள் மாதிரி உள்ளே நிற்கும். ஒரு மனுஷனுடைய ஆயுசுச் சம்பாத்தியத்தைப் பொய் சொல்லிக் கெடுத்தவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். அந்த ஏழு நாளை நினைத்துச் சிரிப்பதும் அவள்தான், அதற்காகக் கூசுவதும் அவள்தான்.

யுத்தம் வந்து சைகோனிலிருந்து கடிதமே வராமல் போனது. முடிந்து ஒரு வருஷம் கழித்து, நாற்பத்தாறில், நடேசன் பார்க்க வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆனால் பான்சியோன் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம். இரண்டு பேரும் மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போன பிறகு கண்ணையன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கொடிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எட்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"நான் அன்னிக்கு அந்தப் பொய்யச் சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு நீங்களும் இப்படி இருந்திருப்பீங்க இல்ல மாமா? உங்களைக் கட்டிப்போட்ட பாவம் என்னுது."

கண்ணையன் திரும்பிப் பார்த்தார். "நீ எங்கடி கட்டிப்போட்ட? பாகூர்ல உங்க மாமன் வூட்ல தட்டை நீட்டி 'வந்துடுங்க'ன்னு என் வாயால சொன்னேன் பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சு, நான் கப்பலேறப் போறதில்லன்னு. நடேசனே அன்னிக்குக் கண்டுபுடிச்சிட்டான். இப்பகூட அதச் சொல்லித்தான் சிரிச்சிட்டுப் போறான்."

தனக்கொடிக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அவளுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. "மூணாம் நாளே தெரியுமா? எட்டு வருஷமா நான் தின்ன சோறு ஒடம்புல ஒட்டல! பனித்திட்டுல நான் செத்துப் பொழைச்சேன்! அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? கொழந்த தேடும், மாடு தேடும், வூட்டுக்குப் போவலாம்னு பாகூர்லயே வண்டியத் திருப்பச் சொல்லியிருப்ப." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு உன்கூட இன்னும் நாலு நாள் சுத்தணும்னு இருந்துது."

அந்த ஏழு நாளும் அவரைப் பிடித்து நிறுத்தத் தான் ஒருத்திதான் பாடுபட்டோம் என்று எட்டு வருஷம் நினைத்திருந்தாள். பின் நாலு நாள், அவளைப் பிடித்து வைத்திருக்க அவர் பாடுபட்டிருக்கிறார். தனக்கொடி வைக்கோல் போருக்குப் பின்னால் போகவில்லை. அங்கேயே, அவருக்கு முன்னாலேயே, உட்கார்ந்து அழுதாள்.